ஆற்றுப் பக்கம் வர நாற்பது நிமிடம்

இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் கையில் ஒரு பட்டியலோடு வருவார்கள். கட்டாயம் போய்ச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய உணவகங்கள் என்று பத்தோ பன்னிரண்டோ பெயர்கள் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் பாதி, மடிப்பக்காவுக்கு அத்துப்படி. ஆனால் ஒன்றில்கூட அவள் காலெடுத்து வைத்ததில்லை. பதினொரு வருடமாக அந்த உணவகங்களின் மேசை விரிப்புகள் அவள் கை பட்டுத்தான் போய்க்கொண்டிருந்தன.

சலவை ஆலையில் அவளுக்கு உருளை இஸ்திரிக்குப் பின்புறம் வேலை. ஈர விரிப்பை முன்புறம் இரண்டு பேர் பிடித்து உள்ளே விடுவார்கள். அது கொதிக்கக் கொதிக்க இந்தப் பக்கம் வந்து விழும். விழுந்த சூட்டோடு நாலாக, எட்டாக மடித்து அடுக்க வேண்டும். அவள் மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒரு நூல் பிசகாது. அதனால் வந்த பெயர்தான் மடிப்பக்கா. எந்த உணவகத்து விரிப்பு என்பதை முத்திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். துறைமுகத்து மீன் உணவகத்து விரிப்பில் எலுமிச்சை வாசம் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. பழைய மாளிகை உணவகத்து விரிப்பில் பேனா மை இருக்கும். நாடக அரங்குக்குப் பக்கத்து உணவகத்திலிருந்து வருவதில் உதட்டுச் சாயமும் கண்மையும். "நேத்து இங்க ஒருத்தி நல்லா அழுதிருக்கா, பாருங்கடி" என்று கைத்துண்டை விரித்துக் காட்டுவாள். கூட வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

எல்லாவற்றிலும் பேர் பெற்றது கோபுரத்து உச்சியில், முப்பத்தெட்டாவது மாடியில் இருக்கும் சுழலும் உணவகம். அதன் மெக்கானிக்தான் அவள் கணவர். அங்கே அவரைச் 'சக்கரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சுழலும் உணவகம் என்றால் கட்டடமே சுற்றாது. நடுவில் சமையலறையும் லிஃப்ட்டும் அசையாமல் நிற்கும். அதைச் சுற்றி வளையமாக ஒரு தளம், அதன்மேல் மேசை நாற்காலிகள். அந்த வளையம் மட்டும் மணிக்கு ஒரு சுற்று என்று நகரும். வெளிச்சுவரும் சன்னல்களும் நகராது. தளத்துக்கு அடியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு இடைவெளி உண்டு. அதில் மோட்டார்களும் பற்சக்கரங்களும் இருக்கும், கூடவே எண்ணெய் டப்பாவோடு சக்கரமும் இருப்பார். "ஊரே என் முதுகு மேல உட்கார்ந்துதான் சாப்பிடுது" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. புதிதாக வருகிறவர்கள் கைப்பையைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டுப் பேச்சில் மூழ்கிவிடுவார்களாம். பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால் பையைக் காணோம். அது வைத்த இடத்திலேதான் இருக்கும்; ஆள்தான் நகர்ந்து போயிருப்பார். "திருடன் திருடன்னு கத்துவாங்க. பை ஒரு இன்ச் அசைஞ்சிருக்காது" என்று அவர் சொல்லும்போதெல்லாம், நூறாவது தடவையாகக் கேட்டாலும் அவள் சிரிப்பாள்.

அப்படிச் சிரித்து நாலு வருடம் ஆகியிருந்தது.

நாலு வருடத்துக்கு முன் அவர்களுடைய ஒரே மகள், ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டை விட்டு வெளியேறினாள். கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டில் தங்கிக்கொண்டு, அம்மாவுக்கு மட்டும் போன் செய்து இடத்தைச் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா. அப்பாகிட்டகூட இப்ப வேணாம்." மூன்றாம் நாள் மருமகன் வந்து வாசலில் உட்கார்ந்து அழுதான். சக்கரம் வேலைக்குப் போயிருந்தார். மருமகன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, ஒரே ஒரு தடவை பேசிட்டு வந்துடறேன். குழந்தையைப் பார்க்காம செத்துடுவேன் போலிருக்கு" என்றான். பெரிய ஆம்பளை இப்படி அழுதால் திருந்திவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே அவன் அந்த வீட்டுக் கதவை உடைத்தான். மகளுக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்: "இனி நீங்க ரெண்டு பேரும் என்னைத் தேடி வரக் கூடாது. வந்தீங்கன்னா இந்த ஊரை விட்டே போயிடுவேன்."

பிறகு எப்படியோ விசாரித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பதினாலாவது மாடியில் மகள் இருக்கிறாள் என்று சக்கரம் கண்டுபிடித்தார். உணவகத்தின் ஆற்றுப் பக்கச் சன்னலில் நின்றால் அந்தக் கட்டடம் தெரியும். பாலத்திலிருந்து மூன்றாவது, மொட்டைமாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி. அவர் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். பெரிதாக்கிப் பார்த்தால் செங்கல் அடுக்கின மாதிரிக் கட்டம் கட்டமாக இருந்தது. எந்தக் கட்டத்தில் மகள் இருக்கிறாள் என்று அவள் விரலால் எண்ணுவாள். எண்ணி முடிப்பதற்குள் கண்ணில் நீர் கோத்துவிடும், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

"நான் ஒரு தடவை அங்க வந்து நேர்ல பார்த்துக்கறேனே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "பக்கத்துல போகக் கூடாதுன்னுதானே சொன்னா. தூரத்துல இருந்து பார்க்கக் கூடாதுன்னு சொல்லலையே."

வேலைக்காரர்களின் குடும்பத்தை மேலே விடும் வழக்கம் அங்கே இல்லை. இருபது வருடம் முடித்தவர்களுக்கு மட்டும் ஒரு மதியச் சாப்பாடு, துணைக்கு ஒருவரோடு. சக்கரத்துக்கு இந்த வருடம் இருபது முடிந்தது. அதே நேரம் உணவகம் கை மாறியது. புது முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வருகிறவர்களுக்கு ஆறு பின்னால் தெரியப் படம் எடுக்க வேண்டும். எடுத்து முடிப்பதற்குள் ஆறு நகர்ந்து போய்விடுகிறது. அதனால் அடுத்த மாதம் தளத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, ஆற்றுப் பக்க மேசைகளுக்குத் தனி விலை வைப்பது என்று முடிவாகியிருந்தது.

"இப்ப போனாத்தான் உண்டு" என்றாள் அவள்.

"போலாம்" என்றார் சக்கரம். ஆனால் இரண்டு வாரம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் சாப்பிடாமல் படுத்த பிறகுதான் மேனேஜரிடம் தேதி கேட்டு வந்தார்.

அன்றைக்கு அவள் ஊதாநிற உடை உடுத்திக்கொண்டாள். அவருக்கு வெள்ளைச் சட்டை. அதை அவளே மூன்று தடவை இஸ்திரி போட்டாள். கைப்பையில் ஒரு பைனாகுலர் இருந்தது. கோபுரத்துச் சன்னல் துடைக்கிறவரிடம் சக்கரம் இரவல் வாங்கி வந்தது.

அவர்களுக்குக் கிடைத்தது பதினேழாம் மேசை. உட்காரும்போது மணி பன்னிரண்டு. எதிரே ரயில் யார்டு தெரிந்தது. துருப்பிடித்த பெட்டிகளும் கம்பிகளுமாக ஒரே பழுப்பு. சக்கரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆத்துப் பக்கம் வர நாப்பது நிமிஷம். அப்புறம் ஒரு பத்து நிமிஷம் நம்ம எதிர்லயே இருக்கும்."

அவள் உள்ளங்கையால் மேசை விரிப்பைத் தடவினாள். பழக்கம்தான். மூலையில் சாயம் போன ஒரு வட்டம் இருந்தது. "இது சிவப்பு வைன். போன மாசம் ரெண்டு தடவை ஊற வெச்சேன், போகலை" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். பரிமாறுகிறவர் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து வைத்தார். சக்கரத்தைப் பார்த்து, "அண்ணே, இன்னைக்கு நீங்க என் முதுகு மேல" என்று சிரித்தார். சக்கரம் சிரிக்கவில்லை. ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் போட்டார், வாயில் போடவில்லை.

"ஏங்க, சாப்பிடுங்க. கீழேயே இருந்து பழகிட்டு மேல உட்கார்ந்தா தொண்டையில இறங்கலையா?"

"இறங்குது, இறங்குது."

யார்டு போய் நெடுஞ்சாலை வந்தது. நெடுஞ்சாலை போய் ஒரு மைதானத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது. அவள் சூப்பை மடமடவென்று குடித்து முடித்துவிட்டுப் பைனாகுலரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. அடியில் எங்கோ கரகரவென்று ஒரு சத்தம். தண்ணீர் டம்ளர்கள் நடுங்கின. தளம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. சக்கரம் மட்டும் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மேனேஜர் வேகமாக வந்து குனிந்தார்.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க, இன்னைக்குப் போய்..."

"இருக்கட்டும் சார்." எழுந்துகொண்டே அவளிடம், "நீ மீனைச் சாப்பிட்டுக்கிட்டிரு. வந்துடறேன்" என்றார்.

"சட்டை..." என்றாள் அவள். அதற்குள் அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

மீன் வந்தது. ஆறிப்போயிற்று. அவள் மைதானத்து ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லில் யாரோ ஒருவர் வெட்டு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போனார், வந்தார், போனார். காலுக்கு அடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை தளம் ஒரு சாண் நகர்ந்தது. அவள் உயிர் வந்தது போல நிமிர்ந்தாள். மறுபடி நின்றுவிட்டது. அரை மணி ஆனது, முக்கால் மணி ஆனது. சாப்பிட்டவர்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். பரிமாறுகிறவர் வந்து, "அக்கா, தட்டை எடுத்துக்கவா?" என்றார்.

அவள் எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வளையத்தோடு நடந்தாள். மேசைகளுக்கு நடுவே நடக்கும்போது எல்லோரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. வளைவு திரும்பியதும் ஆறு வந்தது. அவ்வளவு தண்ணீர், அவ்வளவு வெளிச்சம். சன்னலை ஒட்டி எல்லா மேசையிலும் ஆட்கள். பாலத்துக்கு நேராக இருந்த மேசையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்தப் பெண் ஆற்றுக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்திருக்க, கணவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

"ஒரு நிமிஷம்மா. கொஞ்சம் பார்த்துட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பதில் சொல்வதற்குள் மடிப்பக்கா சன்னலோடு ஒட்டிக்கொண்டு பைனாகுலரைத் தூக்கினாள்.

முதலில் தண்ணீர் மட்டும் தெரிந்தது. பிறகு பாலத்தின் கம்பிகள். ஒன்று, இரண்டு, மூன்றாவது கட்டடம். நீலத் தொட்டி. அப்படியே கீழே இறங்கி அடித்தளத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள். பால்கனிகள் தெரிந்தன. ஒன்றில் சைக்கிள், ஒன்றில் பூந்தொட்டி. ஐந்தில் தவறிப்போய் மறுபடி கீழே இறங்கினாள். நாலு, ஐந்து, ஆறு.

"என்னங்க இது? நாங்க எக்ஸ்ட்ரா குடுத்து சன்னலோர டேபிள் வாங்கியிருக்கோம்" என்றது பெண் குரல்.

ஏழு, எட்டு.

"படத்துல இவங்க வர்றாங்க. யாராவது கூப்பிடுங்களேன்."

ஒன்பது. தோளில் ஒரு கை பட்டது. மேனேஜர். குரலில் கோபமில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கூசியது. "அம்மா, வாங்க. உங்க டேபிளுக்குப் போயிடலாம். அண்ணன் வர்ற நேரம்."

"பதினாலுதாங்க. இன்னும் அஞ்சே அஞ்சு."

"வாங்கம்மா."

அவள் வந்துவிட்டாள்.

சக்கரம் மேலே வந்தபோது வெள்ளைச் சட்டையில் மார்பிலிருந்து இடுப்புவரை கறுப்பு மசகு. முட்டியில் ரத்தம். பற்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்துவிட்டது, புதிது வார்த்து வர மூன்று வாரமாகும் என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "விடுங்கண்ணே. எப்படியும் அடுத்த மாசம் நிறுத்தறதுதானே. இப்படியே நின்னுடட்டும்."

இருபது வருட வேலை அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. சக்கரம் தலையாட்டினார். லிஃப்ட்டில் இருவர் மட்டும்தான் இருந்தார்கள். எண்கள் குறைந்துகொண்டே வந்தன.

"பார்த்தியா?" என்று கேட்டார், அவளைப் பார்க்காமல்.

அவள் அந்தச் சட்டையைப் பார்த்தாள். முட்டியைப் பார்த்தாள். "பார்த்தேனே. நான் எழுந்து அந்தப் பக்கம் போயிட்டேன். துணி எடுக்க வெளியே வந்தா. முடியைத் தூக்கிக் கட்டியிருந்தா. குழந்தை பின்னாலேயே வந்து அவ உடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. என்னமா வளர்ந்துடுச்சுங்க!"

சக்கரம் லிஃப்ட்டின் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அவள் நினைத்தாள். சொன்னது பொய்யானாலும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியில் அவளுக்கு வாய் திறந்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும், கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பால்கனியில் ஆட்களையும் பொருள்களையும் கூட்டிக்கொண்டே போனாள். குழந்தைக்குச் சிவப்புச் சட்டை. மகள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். இடது கையை நன்றாகத் தூக்குகிறாள், எலும்பு சரியாகச் சேர்ந்திருக்கிறது. அவர் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அவள், "குழந்தை அச்சு அசல் உங்க ஜாடைங்க" என்றபோது, அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"போதும்."

"ஏங்க?"

"அவ அங்க இல்ல. காலி பண்ணிட்டுப் போய் ரெண்டு மாசம் ஆகுது."

அவள் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"மாசம் ஒரு தடவை நான் அந்தக் கட்டடத்துக் காவல்காரர்கிட்ட போய், நல்லா இருக்காங்களான்னு மட்டும் கேட்டுட்டு வருவேன். உன்கிட்ட சொல்லலை. ரெண்டு மாசம் முன்னாடி போனப்ப, வீடு காலின்னுட்டார். எங்கேன்னு தெரியாதாம்." அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "நீ அந்த ஒரு சாப்பாட்டுக்காகவே உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தே. எப்படிச் சொல்றது?"

லிஃப்ட்டில் அவர் அழுததும், நாலு நாள் 'ம்' கொட்டியதும் இப்போது வேறாகத் தெரிந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் கூனிக் குறுகியது. "அன்னைக்குத் தளத்தை நீங்கதான் நிறுத்தினீங்களா?" என்று கேட்டாள்.

"சத்தியமா இல்ல. பல்லு உடைஞ்சுதான் போச்சு." தலை குனிந்தபடி, "ஆனா நின்னப்ப, அப்பாடான்னு இருந்துச்சு" என்றார்.

மறுநாள் அவள் ஆலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். ஆற்றைத் தாண்ட ஏழு நிறுத்தம்தான். நாலு வருடமாக உலகத்தின் மறுகோடி என்று நினைத்திருந்த இடம். பாலத்திலிருந்து மூன்றாவது கட்டடத்தின் வாசலில், ஒரு மர மேசைக்குப் பின்னால் காவல்காரர் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"பதினாலாவது மாடியில ஒரு பொண்ணும் குழந்தையும் இருந்தாங்களே..."

"காலி பண்ணிட்டாங்க. எங்கேன்னு கேக்காதீங்க. எனக்கும் தெரியாது. போறப்ப அந்தப் பொண்ணு, 'யார் வந்து கேட்டாலும் என்னைப் பத்தி எதுவும் பேசாதீங்க, அம்மான்னு சொல்லிக்கிட்டு வந்தாலும் பேசாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"துணி வெளுக்கிற இடத்துல இருந்து வரேன்."

"துணி ஏதாவது குடுக்கணுமா?"

"இல்லைங்க." திரும்பியவள் நின்றாள். "குழந்தை நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதுக்கென்ன! படிக்கட்டுல ஒரே ஓட்டம். கையாட்டாம என்னைத் தாண்டிப் போகாது." அவர் ஒரு ஆரஞ்சுச் சுளையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் வீடு திரும்புகிற வழியெல்லாம் அது கையிலேயே இருந்து கசங்கிப்போயிற்று.

சக்கரம் அன்று சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். அவரைக் கோபுரத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்துத் தண்ணீர் பம்புக்கு மாற்றியிருந்தார்கள். அவள் எதிரே உட்கார்ந்து, போனது வந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். இந்தத் தடவை எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அம்மா என்று வந்தாலும் பேசாதே என்றதையும் சொன்னாள்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். நகக் கண்ணில் இன்னும் மசகு இருந்தது.

"அப்பான்னு வந்தா?" என்று கேட்டார்.

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலைங்க."

அவர் தலையை ஆட்டினார். அவள் எழுந்து சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.